சத்தியம் செய்ய மறுத்தால் குற்றவாளி என்று ஆகிவிடுமா?

பாசிக்காரி (மண்டபம்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடக்கையின் ஒற்றை விரலால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில், நீர் வற்றும் நாட்களில் கடலில் இறங்கிப் பாசி எடுத்து விற்கும் பெண்கள். பதினான்கு பேர் சேர்ந்து மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறோம். நான்தான் ஊக்குநர். போன வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டில் கூட்டம். சந்தாவும் உள்கடன் தவணையுமாகச் சேர்ந்த 11,200 ரூபாயை எண்ணி, மஞ்சள் துணிப்பையில் போட்டு, தையல் மிஷின்மேல் வைத்தேன். திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டிய பணம். மற்றவர்கள் கிளம்பிய பிறகு நாங்கள் நால்வர் மட்டும் கருப்பட்டிக் காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் நான் கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். இரவு பையைப் பீரோவில் வைக்க எடுத்தபோது வெறும் பைதான் இருந்தது.

மறுநாள் ஊர் கூடிவிட்டது. போலீஸ் வேண்டாம், நால்வரும் சத்தியம் செய்யட்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் முதலில் நான் செய்தேன். கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள். மகன் தலையில் இடக்கையை வைத்து, "இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் பிள்ளை எனக்கு இல்லை" என்று சொல்லி, வலக்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். கடல் காற்றில் சுடர் சாய்ந்து விரல் பக்கம் ஏறியது. ஒரே அடியில் அணையவில்லை. கையை எடுத்தால் தப்பாகப் பேசுவார்கள் என்று அப்படியே அழுத்திக்கொண்டேன். உள்ளங்கை நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்.

அடுத்துக் கத்தோலிக்க அக்கா. அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி ஏற்றி, சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுச் செய்துவிட்டார்.

மூன்றாவது, முஸ்லிம் வீட்டு மதினி. "அல்லாஹ் மீது ஆணையாக நான் எடுக்கவில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சூடத்தைத் தொடவோ, மகள் தலையில் கை வைக்கவோ மாட்டேன் என்று பின்வாங்கிவிட்டார். அது வெறும் வாய்ச்சொல் என்றார்கள். நான்காவது, எதிர்வீட்டுத் தங்கை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். எதன்மேலும் சத்தியம் செய்ய மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். "எடுக்கவில்லை அக்கா. உள்ளதை உள்ளதென்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை." அதே வேதாகமத்தை வைத்திருக்கும் அக்கா செய்துவிட்டாரே, இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்கிறார்கள். மடியில் கனம் இருப்பதால்தான் வழியில் பயம் என்று அவள் காதுபடவே சொல்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை இந்த இருவரையும் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம் வருகிறது. அதை என் கையால் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அவர்கள்மேல் கோபம்தான். நான் கையைச் சுட்டுக்கொண்டேன், இவர்களுக்கு ஒரு வார்த்தை கனக்கிறதா என்று நினைத்தேன். ஆனால் ஒன்பது வருடமாக இடுப்பளவு தண்ணீரில் இவர்களோடு நின்றிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு மதத்திலும் சத்தியம் என்றால் என்ன? நான் செய்த மாதிரியே நீயும் செய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்பு அங்கி (இராமநாதபுரம்):

அம்மா, நான் இங்கே இருபது ஆண்டுகளாக வழக்காடுகிறேன். மதத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் பக்கம் உங்களுக்குப் பயன்படக்கூடியது இருக்கிறது.

திரைப்படத்தில் காட்டுவது போல கீதைமேலோ குர்ஆன்மேலோ கை வைப்பது எங்கள் சாட்சிக் கூண்டில் இல்லை. 1969ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, சாட்சி கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது கடவுளைச் சொல்லாமல் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே எடை. உறுதிதான் கூறுவேன் என்பவரை யாரும் ஏன் என்று கேட்க முடியாது. உங்கள் எதிர்வீட்டுப் பெண் எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் தலைநிமிர்ந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகலாம்.

அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு இன்னொன்றையும் அனுமதிக்கிறது. ஒருவர் தம் சமூக வழக்கப்படி வேறு வகையில் சத்தியம் செய்ய விரும்பினால் நீதிபதி சம்மதிக்கலாம். ஆனால் அது நீதிக்கும் கண்ணியத்துக்கும் முரணாக இருக்கக்கூடாது, மூன்றாம் நபர் எவரையும் பாதிப்பதாக இருக்கக்கூடாது. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பிள்ளை மூன்றாம் நபர். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை தானே சாட்சி சொல்ல வந்தால்கூட, பிரமாணம் என்றால் என்னவென்று அதற்குப் புரியாது என நீதிமன்றம் கருதினால் பிரமாணம் செய்துவைக்க வேண்டியதில்லை என்கிறது சட்டம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெரியவர்களின் வழக்கில் ஈடு வைக்கிறோம்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. மனு தர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயத்திலேயே மனைவி மக்களின் தலையைத் தொட்டு ஆணையிடச் சொல்வதும், நெருப்பு எவனைச் சுடவில்லையோ அவன் சொன்னது மெய் என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் ஒரே காலையில் இரண்டையும் செய்திருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் கை சுட்டிருக்கவே கூடாது. உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை அம்மா. உண்மை சொன்னவரையும் நெருப்பு சுடும் என்பதற்கு உங்கள் கையே சாட்சி.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். 1969க்கு முன்பு இருந்தது 1873ஆம் ஆண்டுச் சட்டம். அதில், "எதிராளி இன்ன வகையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று வழக்காடுபவர் கேட்கும் முறை இருந்தது. உங்கள் ஊர் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதன் பன்னிரண்டாம் பிரிவு, மறுத்தவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. என்ன சத்தியம் கேட்கப்பட்டது, அவர் மறுத்தார், மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார் என்று எல்லாவற்றையும் நீதிமன்றம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊரில் அந்த இரண்டு பெண்களிடமும் யாராவது காரணம் கேட்டார்களா?

கீழக்கரையான்:

சகோதரிக்கு ஸலாம். ஊர் கீழக்கரை, பிழைப்பு துபாயில். உங்கள் மதினி சத்தியம் செய்ய மறுக்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் இருக்கிற மிகப் பெரிய சத்தியத்தை அவர் செய்து முடித்துவிட்டார். அதை உங்கள் ஊர் காதில் வாங்கவில்லை.

சத்தியம் செய்பவர் அல்லாஹ்வின் மீது செய்யட்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளட்டும் என்பது நபிகள் நாயகத்தின் வாக்கு. தகப்பன் மேலோ, பாட்டன் மேலோ, கஅபாவின் மேலோகூட ஆணையிடக் கூடாது. அல்லாஹ்வுக்கு நிகராக இன்னொன்றை நிறுத்துவதாக அது ஆகிவிடும். பிள்ளையின் தலையும் சூடமும் அதில் அடக்கம். வீட்டுக்குள் பேச்சுவாக்கில் "என் பிள்ளை சத்தியமாக" என்று சொல்லும் பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். என் தாயாரும் சொல்வார். என் வாப்பா ஒவ்வொரு முறையும் திருத்துவார். நெஞ்சில் நினைக்காமல் வாய்தவறி வரும் அப்படிப்பட்ட சத்தியங்களுக்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான் என்று குர்ஆனிலேயே இருக்கிறது.

ஆனால் மனமறிந்து செய்தால் கணக்கு உண்டு. செய்வேன் என்று ஆணையிட்டுச் செய்யாமல் போனால், பத்து ஏழைகளுக்கு உன் வீட்டில் சமைக்கும் சாப்பாட்டைப் போட வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும். அடிமையை விடுதலை செய்வதும் அந்தக் காலத்தில் ஒரு வழி. இதற்கெல்லாம் வசதி இல்லாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். ஐந்தாவது அத்தியாயத்தில் தெளிவாகவே இருக்கிறது.

நடந்துபோன விஷயத்தில், பொய் என்று தெரிந்தே அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஆணையிடுவது இதைவிட மோசம். அரபியில் அதற்கு 'கமூஸ்' என்று பெயர். மூழ்கடிப்பது என்று பொருள். சொன்னவனைப் பாவத்தில் முக்கிவிடும். அதற்குப் பரிகாரம் உண்டா, பாவமன்னிப்புக் கேட்பது மட்டும்தானா என்பதில் நம் கரையோரத்து ஷாஃபி மத்ஹபுக்கும் (மார்க்கச் சட்டப் பிரிவு) ஹனஃபிக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெரும்பாவம் என்பதில் வேறுபாடே இல்லை. கடலில் இறங்குகிற பெண்ணுக்கு மூழ்குவது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆணையை உங்கள் மதினி ஊர் நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். அதை வாய்ச்சொல் என்று தள்ளியது எனக்கு மிகவும் வலிக்கிறது.

பாசிக்காரி (மண்டபம்):

வழக்கறிஞர் ஐயாவும் கீழக்கரை அண்ணனும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். காரணம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு இரவு மகன் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான். பதினோரு வயது. "அம்மா, நீ எடுக்கவில்லைதானே?" என்றான். இல்லையடா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணும்போது தப்பாக எண்ணியிருந்தால்? அப்போதும் எனக்கு ஏதாவது ஆகுமா?" என்றான். அவன் தலையில் கை வைத்தபோது என் மனதில் சாமி மட்டும்தான் இருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்றே தோன்றவில்லை.

வடகடல் (தங்கச்சிமடம்):

எனக்கு வயது எழுபத்தொன்று. பேரன்தான் தட்டித் தருகிறான். எல்லோரும் சத்தியத்தைக் குறைவாகப் பேசுவதால் எழுதுகிறேன்.

நாங்கள் தனுஷ்கோடிக் குடும்பம். 1964 டிசம்பர் புயலில் வீடு, படகு, வலை எல்லாம் போனது. அப்பா ஒரு மரைக்காயரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிய சீட்டும் போனது. அவரிடம் இருந்த கணக்கும் தண்ணீரில் போய்விட்டது. எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று சொல்ல உலகத்தில் ஒரு காகிதம் இல்லை. இராமேசுவரத்தில் அகதி மாதிரி இருந்தோம். மரைக்காயர் தேடி வந்தார். "நீயே சொல், எவ்வளவு?" என்றார். அப்பா இராமநாதசாமி கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்து ஒரு தொகையைச் சொன்னார். அவ்வளவுதான். மேலே ஒரு கேள்வி இல்லை. அந்தத் தொகையைக் கட்டி முடிக்க அப்பாவுக்கு ஆறு வருடம் ஆனது.

காகிதமும் போலீசும் வக்கீலும் இல்லாத ஏழைக்குச் சத்தியம்தான் கோர்ட்டு. அதையும் பிடுங்கிவிட்டால் அடிதடிதான் மிஞ்சும். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்ததும், இராமர் அவனுக்கு வாக்குக் கொடுத்ததும் அந்த இடத்தில்தான் என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்த வாக்குக்கு அர்த்தம் உண்டு என்றால் இதற்கும் உண்டு.

ஆனால் இதையும் எழுதடா என்று பேரனிடம் சொல்கிறேன். மரைக்காயர் என் அப்பாவை அல்லாஹ் பெயரில் சொல்லச் சொல்லவில்லை. அப்பா தம் சாமியை நோக்கிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மூக்கையூர் ஆசிரியை:

பணி ஓய்வு பெற்ற பிறகு பங்கில் மறைக்கல்வி நடத்துகிறேன். ஒரே வேதாகமம், இரண்டு நடத்தை என்று குழம்பியிருக்கிறீர்கள். குழப்பம் நியாயம்தான்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சத்தியமே பண்ண வேண்டாம் என்கிறார். வானத்தின் மேலும் வேண்டாம், பூமியின் மேலும் வேண்டாம், உன் தலையின் மேலும் வேண்டாம், ஏனென்றால் ஒரு மயிரைக்கூட உன்னால் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஆக்க முடியாது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொன்னால் போதும். பெந்தெகொஸ்தே சபையாரில் பலர் இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை, கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளையோடு சேர்த்து இதைப் படிக்கிறது. அற்ப காரியத்துக்குச் சத்தியம் கூடாது, பொய்ச் சத்தியம் பெரும்பாவம், ஆனால் கனமான, நீதியான காரணம் இருந்தால் செய்யலாம் என்கிறது. பவுலும் தம் கடிதங்களில் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஆகவே அக்கா செய்தது எங்கள் முறைக்குத் தவறில்லை. தங்கை மறுத்ததும் தவறில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பேதுருவைப் பற்றி. நம்மைப் போலக் கடல் தொழிலாளி. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், முற்றத்தில் தீமூட்டிக் குளிர்காய்ந்த கூட்டத்தின் நடுவே அவரைச் சூழ்ந்துகொண்டு, நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். அவர் ஆணையிடுகிறார். திரும்பக் கேட்டதும் சபித்துக்கொண்டு சத்தியம் செய்கிறார். அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று. முழுப் பொய். கூட்டத்துக்குப் பயந்தவர் செய்த சத்தியம். ஊர் கூடி நின்று கேட்கும்போது கிடைக்கிற சத்தியத்தை நினைத்தால் எனக்கு அந்தத் தீதான் கண்முன் வருகிறது.

தமிழ் வாத்தியார் (பரமக்குடி):

சுருக்கமாக ஒன்று. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். அங்கே சாமியும் இல்லை, நெருப்பும் இல்லை, பிள்ளையின் தலையும் இல்லை. தன் பெயரைத்தான் ஈடாக வைக்கிறான். வழக்கறிஞர் சொன்ன 'மூன்றாம் நபர்' என்ற சொல்லைப் படித்ததும் இந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது.

பாசிக்காரி (மண்டபம்):

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் இரண்டு வீட்டுக்கும் போனேன். மதினி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. காரணம் கேட்க வந்தேன் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மகளுடைய உயிர் என்னுடையதா? எனக்குச் சொந்தமில்லாததை எப்படி அடகு வைப்பேன்?" என்றார். ஆசிரியை அம்மா எழுதிய அந்தத் தலைமயிர்ப் பேச்சு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "உங்கள் வீட்டுப் பையனைப் பார்த்தபோதுதான் எனக்கு அன்று அழுகை வந்தது" என்றார். பிறகு பாய் விரித்தார்.

எதிர்வீட்டுத் தங்கை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். அவளுடைய அப்பா ஒவ்வொரு அமாவாசையும் கோயிலில் சூடம் அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வாராம். மூன்றாம் நாள் குடிப்பாராம். உள்ளங்கை முழுக்கத் தழும்பு இருந்ததாம். "அந்தக் கையால்தான், அக்கா, அம்மாவை அடிப்பார். சபைக்கு வந்த பிறகு ஒரு சத்தியமும் செய்யவில்லை. குடிக்கவில்லை என்று மட்டும் சொல்வார். சாகும்வரை குடிக்கவில்லை." ஒன்பது வருடப் பழக்கத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

சனிக்கிழமை தீர்மானப் புத்தகத்தில் இரண்டு காரணங்களையும் இருவரின் சம்மதத்தோடு மகளிர் எல்லோர் முன்னாலும் படித்து எழுதினோம். என் கையால் முடியாததால் பிரதிநிதி எழுதினார். நீக்கும் தீர்மானம் எடுக்கப்படவில்லை. பணம் கிடைக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை. ஆளுக்கு 800 ரூபாய், மாதம் 200 வீதம் நான்கு மாதத்தில் கட்டுவது என்று முடிவு. இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். சத்தியம் செய்யாதவர்களுக்காக நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்றார்கள். அவர்களிடமும் காரணம் கேட்டு அதையும் எழுதியிருக்கிறோம். தங்கச்சிமடம் ஐயா சொன்ன மரைக்காயர் கதையைக் கூட்டத்தில் சொன்னேன். கத்தோலிக்க அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகனிடம், உன் தலைமேல் செய்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அப்படி எடுக்க முடியுமா என்று கேட்டான். கோயிலுக்குக் கூட்டிப்போய் அவன் முன்னாலேயே அம்மனிடம் சொன்னேன்.

நேற்று அமாவாசை நீர் வற்று. கொப்புளம் உடைந்து தோல் இன்னும் மூடவில்லை, ஆனால் இந்த நாட்களை விட்டால் பதினைந்து நாள் வருமானம் போய்விடும். பாறையில் கை கிழியாமல் இருக்க நாங்கள் விரல்களில் பழைய துணியைக் கீறிச் சுற்றிக்கொள்வோம். ஒற்றைக் கையால் எனக்குச் சுற்ற வரவில்லை. கரையில் உட்கார்ந்து பல்லால் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தங்கை வந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி, உள்ளங்கைக்கு மேல் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டாள். தண்ணீரில் இறங்கியதும் எரிந்தது. மதினி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நீர் ஏறும் வரை மூவரும் ஒரே பாறையைச் சுற்றித்தான் எடுத்தோம்.